சராசரியில் புதைபடும் பிள்ளைகள்



பிறந்து 28 நாளுக்குள் சாகும் பிள்ளைகளை எண்ணி நாடுகளை ஒப்பிடுகிறார்கள். 2022-க்கான ஐ.நா. மதிப்பீட்டில், உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் இலங்கையில் சாவது ஏறக்குறைய 4, இந்தியாவில் 19. இலங்கை ஒன்றும் பணக்கார நாடில்லை. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், வீடு தேடி வரும் மருத்துவ மாதும், இலவச மருத்துவமும் செய்த வேலை அது. அங்கேயும் தோட்டத் தொழிலாளர்களுக்கு அது கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். சராசரி எதை மறைக்கும்னு எனக்குத் தெரியும். 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வைப் பிரிச்சுப் பாருங்க. பட்டியல் சாதியினரில் ஆயிரத்துக்கு 33 சாவு. பட்டியலிலும் பிற்பட்டோரிலும் சேராதவர்களிடம் 23. ஒரே நாடுன்னு சொல்றாங்க. பிறந்த பிள்ளைக்கே ரெண்டு நாடு இருக்கு.

இது விதியில்லை. மூச்சுத் திணறல், தொற்று, குறைமாதப் பிறப்பு: இவற்றால் வரும் சாவில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. மூச்சூட்டும் பை, தாயின் மார்புச் சூடு, நேரத்துக்கு மருந்து, தொட்டுத் தூக்கத் தயங்காத கை. இவ்வளவுதான் பல உயிருக்குத் தேவை. வடக்கே பல கிராமங்களில் தொப்புள்கொடி அறுப்பதைத் தீட்டு வேலை என்று தலித் பெண்கள் தலையில் கட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகளை ஏந்திய கை அது. அவள் பிள்ளையை ஏந்த ஒரு கை இல்லையா?

சாவுக் கணக்கைச் சாதிவாரியாக, மருத்துவமனைவாரியாக வெளியிடு என்று கேட்போம். சராசரிக்குள் நம் பிள்ளைகளைப் புதைக்க விடமாட்டோம்.