மனவுறுதி மட்டும் போதுமா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். ‘குடிக்காமல் இருந்திருக்கலாமே’ என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள்.

சாக்கடைக் குழியில் இறங்குகிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். நாற்றம் தாங்காமல்தான் முதல் குவார்ட்டர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது, ஆனாலும் இறக்குகிறார்கள். ஆண்டுக்கணக்கில் குடித்தபின் மூளை மதுவுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பே வரும். ஒரு வாய் ஊற்றினால் நடுக்கம் நிற்கும். (இதைத்தான் நாம் திமிர் என்கிறோம்.) கோயிலில் கயிறு கட்டியவர் மூன்றாம் நாளே கடைக்குத் திரும்புவது இதனால்தான்.

இதற்கு மருந்து உண்டு. மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அப்பாவை அழைத்துப் போங்கள், தம்பி தங்கைகளே. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு வாரம் படுத்தால் கூலி போகும், அடுப்பு எரியாது. தேறி வந்தாலும் அதே குழி, வழியில் அதே டாஸ்மாக். 2003 முதல் சில்லறை விற்பனையை நடத்துவது அரசுதான். சிகிச்சை நாட்களுக்கான கூலியையும் அந்த வருமானத்திலிருந்தே அரசு கொடுக்கட்டும்.