ஸ்பேனர் பிடித்தவன் கதையையும் யாராவது எழுதுங்கப்பா!

(இறுதியாண்டு, இயந்திரவியல்)

விமானப்படை என்றதும் நம் கண்முன் வருவது யார்? கறுப்புக் கண்ணாடி போட்ட பைலட். அவரை விட்டால் மார்பு நிறையப் பதக்கம் குத்திய தளபதி. மீதிப் பேர் எங்கே போனார்கள்? அந்த மீதிப் பேரைத் தேடிப்போய், உட்கார்ந்து கேட்டு, எழுதி வைக்கிறவன் செய்வது பெரிய காரியம் என்பது என் கட்சி. "பழங்கதை பேசி என்னடா ஆகப்போகுது?" என்று ஹாஸ்டலில் கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் மார்ட்டின் மிடில்புரூக் என்று ஒருவர். 1932-ல் பிறந்தவர். பேராசிரியர் இல்லை. லிங்கன்ஷயரில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர்! 1967-ல் முதல் உலகப்போர் நடந்த இடங்களையும் அங்கிருந்த கல்லறைகளையும் பார்க்கப் போனார். வரிசை வரிசையாய்க் கல்லறைகள். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் வேண்டுகோள் போட்டு, உயிரோடிருந்த சாதாரணச் சிப்பாய்களைத் தேடிப் பிடித்தார். அப்படி வந்ததுதான் 1971-ல் அவருடைய முதல் புத்தகம். அடுத்து விமானப்படை பக்கம் திரும்பினார். 1973-ல் நியூரம்பெர்க் தாக்குதல் பற்றிய புத்தகம் வந்தது.

அது 1944 மார்ச் 30-ம் தேதி இரவு. 795 பிரிட்டிஷ் விமானங்கள் கிளம்பின. மேகம் மறைக்கும் என்று நினைத்தார்கள். நிலா பட்டப்பகலாய்க் காய்ந்தது. போதாக்குறைக்கு, விமானங்களுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு கோடாய்ப் புகைத்தடம் வேறு. ஜெர்மன் இரவுப் போர் விமானங்களுக்கு அதற்குமேல் வழிகாட்டி வேண்டுமா? 95 விமானங்கள் திரும்பவில்லை. ஒரே ராத்திரியில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

அலுவலகக் கோப்பில் இதற்கு எவ்வளவு இடம் தெரியுமா? விமானத்தின் எண், கிளம்பிய நேரம், "திரும்பவில்லை". அவ்வளவுதான். பின்பக்கத் துப்பாக்கிக்காரன் அந்த உறையும் குளிரில், கொஞ்சம் தெளிவாய்த் தெரியட்டும் என்று முன்னாலிருந்த கண்ணாடியையே கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான் என்பதெல்லாம் அனுபவித்தவன் வாயால் சொன்னால்தான் வெளியே வரும்.

நம்ம டிபார்ட்மெண்ட்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லங்காஸ்டர் விமானத்தில் மொத்தம் ஏழு பேர். அதில் ஒருவர் பிளைட் இன்ஜினியர். நான்கு மெர்லின் எஞ்சின்களின் ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், எந்த டேங்கில் எவ்வளவு எரிபொருள், எல்லாம் அவர் பொறுப்பு. இவர்களில் பலர் தரையில் பிட்டராக வேலை பார்த்துவிட்டு மேலே போனவர்கள். அதாவது நம்ம ஜாதி, ஸ்பேனர் ஜாதி! அந்தப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். மேலே போகாத மெக்கானிக்குகளோ, தாங்கள் ரிப்பேர் பார்த்து அனுப்பிய விமானம் திரும்புமா என்று விடியற்காலையில் காத்துக் கிடந்தார்கள். அவர்களை எத்தனை சினிமாவில் பார்த்திருக்கிறோம்?

இன்னொன்று. பயந்துபோய் "இனிப் பறக்க மாட்டேன்" என்று சொன்னவனுக்கு நெஞ்சுரம் இல்லாதவன் என்று முத்திரை குத்தும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த அவமானத்தை அவன் தன் பெண்டாட்டியிடமாவது சொல்லியிருப்பானா? அவனாக வந்து சொல்லமாட்டான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், குற்றம் சொல்லாமல் கேட்க வேண்டும்.

"ஊர் மேல குண்டு போட்டவனைப் போய்ப் புகழணுமா?" என்று ஒரு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் நடந்த குண்டுவீச்சில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். ஆனால் மிடில்புரூக் ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. ஹாம்பர்க் பற்றி 1980-ல் எழுதியபோது, குண்டு போட்டவர்களையும் கேட்டார், குண்டு விழுந்த தெருவில் இருந்தவர்களையும் கேட்டார். இப்படிக் கேட்பதற்குப் புகழ்வது என்றா பெயர்? புகழ்கிறவன் ஒரு கட்சியைத்தான் கேட்பான்.

எனக்கு இதில் இவ்வளவு ஆத்திரம் வரக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். தாத்தா கிணறு வெட்டப் போகாத ஊர் இல்லை என்பார்கள். எந்த ஊர், எத்தனை அடி, வெடி வைத்தபோது யாருக்கு என்ன ஆச்சு... ஒன்றும் தெரியாது. எழுதத் தெரிந்த ஆள் வீட்டில் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பைலட்டுக்கும் தளபதிக்கும் சுயசரிதை எழுத ஆள் கிடைக்கும். என் தாத்தாவுக்கும் அந்த பிட்டருக்கும்தான் கிடைக்காது.

அந்த உலகப்போரில் 18 வயதில், அதாவது என் வயதில், பறந்தவர் இன்று உயிரோடிருந்தால் நூறு வயதை ஒட்டி இருப்பார். அவர்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்கும் காலம் முடிந்தே போச்சு. நம் நாட்டுக் கதை இன்னும் முடியவில்லை. 1965 இந்திய-பாகிஸ்தான் வான்போர் பற்றி ஜெகன் மோகன், சமீர் சோப்ரா இருவரும் சேர்ந்து 2005-ல் புத்தகம் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் தமிழில்? தாம்பரத்திலும் சூலூரிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. ஏர்மேனாகச் சேர்ந்து, பதினைந்து இருபது வருஷம் எஞ்சினைக் கழற்றி மாட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். பேங்கில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருப்பார்கள். நாம்தான் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம்.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. அடுத்த வருஷ மலரில் நான்கு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். கவிதையில் இரண்டு பக்கம் குறைந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் (கவிஞர்கள் மன்னிக்கவும்!). செல்போனில் ரெக்கார்ட் பண்ணலாம், செலவு கிடையாது. ஆளுக்கு ஒருவரைப் பிடியுங்கள். "சார், வீரதீரமா ஏதாவது சொல்லுங்க" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், அவர் வாயடைத்துப் போவார். "அய்யா, நீங்க முதல்முதலா கை வச்ச எஞ்சின் எது?" என்று கேளுங்கள். பிறகு மூடிக்கொண்டு கேட்கவேண்டியதுதான்.