சிறிய இணையதளத்திற்குக் காவல் யார்?

"எங்கள் தளத்தில் திருட என்ன இருக்கிறது? இதை யார் வந்து தாக்கப்போகிறார்கள்?" இணையதளம் நடத்தும் பங்குகளிலும் பள்ளிகளிலும் சங்கங்களிலும் அடிக்கடி எழும் கேள்வி இது. திருப்பலி நேரம், விழா அழைப்பிதழ், சில புகைப்படங்கள் ஆகியவற்றைத் தவிர அங்கு வேறொன்றும் இல்லை என நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது.

உலகின் இணையதளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்குகின்றன. 2017 சனவரி 26 அன்று அதன் 4.7.2 பதிப்பு வெளியானது. அதற்கு முந்தைய 4.7, 4.7.1 ஆகிய பதிப்புகளில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கடவுச்சொல் இல்லாமலேயே எவரும் ஒரு பக்கத்தில் உள்ளதை மாற்றி எழுதிவிடலாம். தளங்கள் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் தரும் பொருட்டு, இந்த ஓட்டையைப் பற்றிய செய்தியைப் பிப்ரவரி 1 வரை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை இயக்கி வைத்திருந்த தளங்கள் தப்பின. மற்றவற்றில், அடுத்த சில நாள்களுக்குள் 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது.

இந்தத் தளங்களை ஹேக்கர்கள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தக் கதவு பூட்டப்படாமல் இருக்கிறது என்று கணினி நிரல்கள் இரவும் பகலும் தளம் தளமாகத் தட்டிப் பார்க்கின்றன. அவற்றிற்குச் சிறியது பெரியது என்ற வேறுபாடு இல்லை.

உள்ளே நுழைந்தவர்கள் எப்போதும் தளத்தைச் சிதைத்துவிட்டுப் போவதும் இல்லை. பல வேளைகளில் ஓசையின்றித் தங்கிவிடுகிறார்கள். நம் தளத்தின் வழியாக மோசடி மின்னஞ்சல்களை அனுப்புகிறார்கள். போலி வங்கிப் பக்கங்களை அமைக்கிறார்கள். நன்கொடைக்காக நாம் கொடுத்திருக்கும் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் ஒருவர் மாற்றிவிட்டால் என்ன ஆகும்? வெளிநாட்டில் உழைக்கும் ஒருவர் நம்மை நம்பி அனுப்பும் பணம் யாருக்கோ போய்ச் சேரும். ஆகவே, நம் தளத்தில் திருடப்படக்கூடிய பெரும் பொருள் மக்கள் நம்மேல் வைத்துள்ள நம்பிக்கையே.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மென்பொருளையும் அதன் துணைச் செருகுநிரல்களையும் உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும். பயன்படாதவற்றை நீக்கிவிட வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டிய வடிவமைப்புகளை இலவசமாகத் தருவதாகக் கூறும் இடங்களிலிருந்து எடுக்கலாகாது. அவற்றில் தீய நிரல்கள் ஒளிந்திருப்பதுண்டு. ஆளுக்கொரு கணக்கும், நீண்ட கடவுச்சொல்லும், கைப்பேசி வழியான இரண்டாம் சரிபார்ப்பும் இருக்கட்டும். தளத்தின் முழுப் படியை வேறோர் இடத்தில் சேமித்து, அதிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்றும் சோதித்துப் பார்க்க வேண்டும். முகவரிக்கு அருகே தோன்றும் பூட்டுச் சின்னம் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தகவல் பயணிக்கும் வழியைத்தான் காக்கும், ஓட்டையை அடைக்காது.

ஆனால் இவற்றையெல்லாம் செய்யப்போவது யார்? நம்மிடையே பல தளங்கள் ஆர்வமுள்ள ஓர் இளைஞரால் தொடங்கப்படுகின்றன. அவர் வேலை கிடைத்து வெளியூர் சென்றதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. தளத்தின் பெயரே அவருடைய சொந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். எல்லாருக்கும் சொந்தமான தளத்தைக் கவனிக்க ஒருவரும் இல்லாமற் போகிறது. தொழில்நுட்பக் குறைவை விட இந்தப் பொறுப்பின்மையே பெரிய ஓட்டை எனலாம்.

எனவே, அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்போம். நம் தளத்திற்குப் பொறுப்பாளர் யார்? அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? நாளை அது அழிந்தால் மீட்டெடுக்கப் படி எங்கே உள்ளது? இவற்றிற்கு விடை கிடைக்கவில்லையெனில், அன்றே ஒருவரை, அவருக்குத் துணையாக இன்னொருவரையும், பெயர் சொல்லி நியமிப்போம்.