கைதியின் உடலும் அமானிதமே!

கொடுங்குற்றச் செய்தி ஒன்று வெளியாகும் போதெல்லாம், "எலிகளையும் முயல்களையும் வதைப்பதைவிட இத்தகையோர் மீது மருந்துகளைச் சோதிக்கலாமே" என்ற கருத்து பரவுகிறது. தொழுகையைப் பேணும் நம் சகோதரர்கள் சிலரும் அதை ஆமோதிக்கின்றனர். ஷரீஅத் இதற்கு இடம் தருகிறதா? இல்லை என்பதே நம் திட்டவட்டமான பதில்.

இவ்வாறு சோதித்தவர்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள ஹோம்ஸ்பர்க் சிறையில், 1951 முதல் 1974 வரை தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் கைதிகள் மீது சோதனைகள் நடத்தினார். அழகுசாதனப் பொருட்கள் முதல் டையாக்சின் என்னும் நச்சு வரை அவர்களுடைய தோலில் பூசப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். விசாரணைகூட முடியாதவர்கள் பலர். குவாத்தமாலாவில் 1946 முதல் 1948 வரை, கைதிகளுக்கு மேகநோய்க் கிருமிகளை அமெரிக்க மருத்துவர்கள் வேண்டுமென்றே தொற்றச் செய்தனர். இதற்கு அமெரிக்க அரசு 2010-இலும், ஹோம்ஸ்பர்க் கொடுமைக்கு ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் 2022-இலும் மன்னிப்புக் கோரின. பாதிக்கப்பட்டோர் பலர் அதற்குள் மண்ணறை சேர்ந்துவிட்டனர்.

"ஹோம்ஸ்பர்க் கைதிகள் கையெழுத்திட்டுப் பணம் பெற்றார்களே" என்பர். சிறை வேலைக்குச் சில காசுகளே கிடைத்த இடத்தில், அதைப் போலப் பல மடங்கு பணத்தைக் காட்டிப் பெற்ற சம்மதம் அது. ஜாமீன் பணத்துக்கு வழியற்றவன் வேறென்ன செய்வான்? இக்ராஹ், அதாவது நிர்ப்பந்தம் இருக்குமிடத்தில் சம்மதம் பழுதுபடும் என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதுகிறோம். ஒரு மூட்டை அரிசி வியாபாரத்துக்கே பரஸ்பரத் திருப்தியை நிபந்தனையாக்கிய மார்க்கம், மனித உடலின் விஷயத்தில் அதைத் தளர்த்துமா?

"குற்றவாளி சமூகத்துக்குப் பட்ட கடனைத் தீர்க்கட்டும்" என்பது அடுத்த வாதம். தண்டனையின் அளவை நிர்ணயிப்பவர் காழி. அவர் விதித்ததற்கு மேல் ஒரு சாட்டையடி கூடினாலும் அது அநீதியே. மேலும், இந்தியச் சிறைகளில் இருப்போருள் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். நபி யூசுஃப் (அலை) அவர்களும் பழி சுமத்தப்பட்டுச் சிறையில் இருந்தவர்தாம் என்பதை மறக்கலாமா?

ஏழை, அநாதை ஆகியோருடன் கைதிக்கும் உணவளிப்போரை அல்லாஹ் 'அல்இன்ஸான்' அத்தியாயத்தில் புகழ்கிறான். பத்ருப் போரில் சிறைப்பட்டோர் வாளேந்தி வந்த எதிரிகள். ஆயினும் ஸஹாபாக்கள் அவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழத்தை உண்டனர். ஒரு பூனையை அடைத்து வைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அடைத்து வைத்தவரே பொறுப்பாளி என்பது இதிலுள்ள படிப்பினை. பூனைக்கே இந்த விசாரணை என்றால், ஆதமுடைய மகனுக்கு?

கைதிகளுக்கான மருத்துவத்தை நாம் மறுக்கவில்லை. நெருக்கடியான சிறைகளில் காசநோய் எளிதில் பரவுகிறது. அவர்களுடைய நோயைத் தீர்ப்பதற்கான ஆய்வு, சிறை அதிகாரிகளுக்குக் கட்டுப்படாத கண்காணிப்பின் கீழ் நடக்கட்டும். மறுத்தால் தண்டனையும் இல்லை, இசைந்தால் விடுதலையில் சலுகையும் இல்லை என்பது உறுதி செய்யப்படட்டும். வெளியே உள்ளோரின் நலனுக்காக அவர்களைச் சோதனை எலிகளாக்குவதை மட்டும் ஒருபோதும் ஏற்க முடியாது.

ஆகவே சகோதரர்களே, அடுத்த முறை அத்தகைய செய்தியைப் பகிருமுன், மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை எண்ணுங்கள். கோபத்திலும் நீதி தவறாதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.