இடப்பாகத்து இருக்கை

நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்கிறார். அவருக்கு இடப்பக்கத்தில் இருக்கும் இருக்கையைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். சிவன் தன் உடம்பில் இடப்பாகத்தை உமைக்குக் கொடுத்தான், இதைவிடப் பெரிய சமத்துவம் எங்கே உண்டு என்று பட்டிமன்ற மேடைகளில் கேட்பார்கள். கொடுத்தவன் யார், பெற்றுக்கொண்டவள் யார் என்று அந்த மேடைகளில் யாரும் கேட்பதில்லை. உடம்பு அவனுடையது. அதைப் பங்கு வைக்கும் உரிமையும் அவனுடையது. வார இறுதிகளில் ஜீப்பில் மலையேறும் தம்பதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடப்பாகம்தான் நினைவுக்கு வருகிறது.

நானும் என் இணையரும் மூன்று ஆண்டுகளாக ஒரு 'ஃபோர் வீல் டிரைவ்' கிளப்பில் இருக்கிறோம். உறுப்பினர் அட்டை அவர் பெயரில். பதிவேட்டில் நான் 'ஃபேமிலி'. மாதம் ஒன்றிரண்டு சனிக்கிழமைகளில் மதுரையிலிருந்து புறப்பட்டு, தேனி, போடி கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கம் உள்ள தனியார் தோட்டப் பாதைகளுக்குப் போவோம். தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி என்று பத்துப் பன்னிரண்டு வண்டிகள் சேரும். எனக்கு மலை பிடிக்கும், சேறு பிடிக்கும், வண்டி ஓட்ட மிகவும் பிடிக்கும். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எனக்கும் அதில் பங்கு வேண்டும் என்பதால்தான் வழக்குத் தொடுக்கிறேன்.

'காலை நான்கு மணிக்குப் புறப்பாடு' என்று குழுவில் செய்தி வரும். நான்கு மணி என்பது ஆணுக்கு. பெண்ணுக்கு அது இரண்டு மணி. புளியோதரை கிளறி, சப்பாத்தி சுட்டு, தக்காளித் தொக்கை டப்பாவில் அடைத்து, பிளாஸ்கில் டீ ஊற்றி, பிள்ளைகளின் ஸ்வெட்டரைத் தேடி எடுத்து, வீட்டிலிருக்கும் மாமியாருக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் மேசையில் வைத்துவிட்டு அவள் வண்டியில் ஏறுகிறாள். ஏறியதும் தூங்கிவிடுகிறாள். 'வண்டில ஏறுனாலே இவங்களுக்குத் தூக்கம்தான்' என்று அதற்கும் ஒரு கேலி. எங்கள் கிளப்பில் இரண்டு வாட்ஸப் குழுக்கள். ஒன்றில் பாதை, டயர், வின்ச், வானிலை. இன்னொன்றின் பெயர் 'லேடீஸ்'. அதில் யார் எத்தனை சப்பாத்தி என்ற கணக்கு. மலை உச்சியில் ஆண்கள் அடுப்பு மூட்டிக் கறி சுடும் நாளும் உண்டு. அன்று நிறையப் படம் எடுப்பார்கள். முந்தைய இரவு மசாலா அரைத்துக் கறியை ஊறவைத்த கை எந்தப் படத்திலும் இருக்காது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். வார இறுதிப் பயணம் இதிலிருந்து அவளுக்கு விடுப்புத் தருவதாகச் சொல்லிக்கொள்கிறது. அது செய்வதெல்லாம் சமையலறைக்குச் சக்கரம் பூட்டி மலைக்கு ஏற்றுவதுதான்.

கடினமான இடம் வரும்போது ஒரு விதி உண்டு. ஓட்டுகிறவர் தவிர மற்றவர்கள் இறங்கிவிட வேண்டும். பாதுகாப்புக்கான நல்ல விதி. அது செயல்படும் நேரத்தில் மேட்டில் நின்று பாருங்கள். வரிசையாக எல்லா வண்டிகளிலும் இடப்பக்கக் கதவு திறக்கும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் செல்போன் என்று பெண்கள் இறங்குவார்கள். கணவர் பாறையில் ஏறுவதைப் படம் பிடிப்பார்கள், ஏறி முடித்ததும் கைதட்டுவார்கள், மறுபடி ஏறிக்கொள்வார்கள். எந்தப் பத்து நிமிடத்துக்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அந்தப் பத்து நிமிடமும் அவர்கள் கரையில் நிற்கிறார்கள்.

கரையில் என்னோடு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன்: "உனக்கு ஓட்டத் தெரியும்தானே?"

"ஊருக்குள்ள நல்லா ஓட்டுவேன்க்கா. பிள்ளைகள ஸ்கூல்ல கொண்டுபோய் விடுறதே நான்தான். இங்கன அவரு விடமாட்டாரு. சாவியக் கேட்டா உசுரே போயிரும் அவருக்கு."

அந்த வண்டியின் மாதத் தவணையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போகிறது. அதையும் அவளேதான் சொன்னாள், ஏதோ சம்பந்தமில்லாத செய்தியைச் சொல்வதுபோல.

ஏன் விடமாட்டார்? 'பலம் வேண்டும்' என்பார்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்தான் இதைச் சொல்ல முடியும். லோ ரேஞ்சில் போட்டால் வண்டி நடைவேகத்துக்கும் கீழே இறங்கும், சக்கரத்துக்குப் போகும் விசை பெருகும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் முதல் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டயரில் காற்றைக் குறைத்தால் அது தரையில் பரந்து படிந்து பிடிப்புக் கூடும். கல்லில் மோதி ஸ்டியரிங் திரும்பி அடிக்கும் என்பதால் கட்டைவிரலை வளையத்துக்கு வெளியே வைத்துப் பிடிக்க வேண்டும். இதில் எதற்குப் புஜபலம்? பொறுமை வேண்டும், தரையை வாசிக்கும் கண் வேண்டும், எப்போது மிதிக்கக் கூடாது என்று தெரிந்த கால் வேண்டும். மீசையை முறுக்கிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தவர்களின் வண்டிகள்தான் அச்சுவரை சேற்றில் புதைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மோட்டார் வண்டியின் வரலாறே இவர்களுக்கு எதிர்சாட்சி. 1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் கண்டுபிடித்த வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். காரில் நடந்த முதல் நெடும்பயணமே கணவரிடம் அனுமதி கேட்காமல் நடந்த பயணம். 2001இல் டாக்கார் ராலியை யூட்டா கிளைன்ஷ்மிட் என்ற பெண் வென்றார். பாலைவனத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர். அவருக்குப் பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஓர் ஆண். அந்த ஆணுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

நம் மரபு வேறுவிதமாக விதி வகுத்தது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு கிடையாது என்றது தொல்காப்பியம். அகத்திணையில் பிரிந்து போவது பாலை, அது அவனுக்கு. காத்து இருப்பது முல்லை, அது அவளுக்கு. அவள் சுரம் கடக்கலாம், உடன்போக்கில், அவன் பின்னால். பயணம் என்ற வினைக்கு அவன் எழுவாய், அவள் 'உடன்'. அழகும் இளமையும் கொண்ட உடலைக் கழற்றிப் பேயுரு வாங்கிக்கொண்ட பிறகுதான் காரைக்கால் அம்மையாரால் தனியே திருவாலங்காட்டுக்குப் போக முடிந்தது. இத்தனை நூற்றாண்டு கழித்து வார இறுதி கிளப் பெண்ணுக்குத் தந்திருப்பது ஏசி வைத்த உடன்போக்கு.

இலக்கணம் நடத்திப் பிழைப்பவள் நான். காதில் விழும் வாக்கியங்களைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஆண் ஓட்டும்போது சேற்றில் சிக்கினால் 'வண்டி மாட்டிக்கிச்சு' என்பார்கள். பெண் ஓட்டும்போது சிக்கினால் 'மேடம் மாட்டிக்கிட்டாங்க'. ஆணின் தவறுக்கு வண்டி எழுவாய், பெண்ணின் தவறுக்குப் பெண்ணே எழுவாய். அவர் பம்பரை உடைத்தால் அது தழும்பு, பெருமையாகக் காட்டுவார். அவள் கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது மூன்று தீபாவளிக்குப் பேச்சு. பெண் ஒரு மேட்டை ஏறிவிட்டால் எழும் கைதட்டல் இருக்கிறதே, அது இன்னும் மோசம். அதே மேட்டை ஏறிய பதினோரு ஆண்களுக்கு யாரும் அப்படித் தட்டவில்லை. குழந்தை முதல் அடி எடுத்துவைக்கும்போது தட்டுகிற தட்டு அது.

பாதையைப் பற்றிப் பேசும் மொழியோ இன்னும் நாறுகிறது. யாரும் போகாத தடம் 'வர்ஜின் டிராக்'. ஏறி முடித்தால் 'அவள முடிச்சாச்சு'. வண்டியும் 'அவ'தான், அடங்கினால் ராசாத்தி, அடங்காவிட்டால் வேறு பெயர். நிலத்தைப் பெண்ணுடலாகவும் பெண்ணுடலை வெல்லும் நிலமாகவும் பார்க்கும் இந்தப் பழைய புத்தியை மனைவி பக்கத்தில் இருக்கும்போதே வாக்கிடாக்கியில் கத்துகிறார்கள். கேட்டுக்கொண்டு அவள் ஆரஞ்சு உரித்துக் கொடுக்க வேண்டும்.

இனி உடம்புக்கு வருகிறேன். கிளப் தரும் பொருள் பட்டியலில் வின்ச், இழுவைப் பட்டை, ஷேக்கிள், காற்றடிக்கும் கருவி, மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கும். மறைப்புக் கூடாரம் இருக்காது. ஆண்கள் வண்டிக்குப் பின்னால் போய்விட்டு வருகிறார்கள். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். மாதவிலக்கு நாள் என்றால் 'தலைவலி' என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒரு வின்ச்சின் விலையில் சிறு பங்குதான் ஒரு கழிப்பறைக் கூடாரம். அது அவசியம் என்று மூன்று ஆண்டுகளில் மூன்று முறை சொன்னேன். 'அடுத்த டிரைவ்ல பாத்துக்கலாம் மேடம்' என்ற பதில் கிடைத்தது. வண்டி சிக்கிக்கொள்வதற்கு இவர்களிடம் நான்கு விதத் தீர்வு இருக்கிறது. சிறுநீர் அடக்கும் பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை.

நாங்கள் போகும் அதே சாலையில் வேறு ஜீப்புகளும் ஏறுகின்றன. போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் ஏலத்தோட்டக் கூலி வேலைக்கு இடுக்கி மலைக்குப் போகும் பெண்களின் ஜீப்புகள். விடிவதற்கு முன் சோற்றுத் தூக்குவாளியோடு, ஒரே வண்டியில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்து, மாலையில் அதே நெருக்கத்தில் இறங்குகிறார்கள். வண்டி கவிழ்ந்து செத்தவர்களும் உண்டு. எங்களுக்குச் சாகசம் என்று தோன்றும் வளைவு அவர்களுக்கு அன்றாடம். எங்கள் வண்டிகள் கிழித்துப் போடும் தோட்டப் பாதையில் திங்கட்கிழமை நடந்து வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். அவர்களையும் என்னையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. என் பயணம் பொழுதுபோக்கு, அவர்களுடையது வயிறு. ஆனாலும் இரண்டு ஜீப்பிலும் ஸ்டியரிங் யார் கையில் என்று பாருங்கள்.

அந்த மலைதான் இன்னொன்றையும் பார்த்தது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்ட 20 சதவீத போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். தங்களுக்காக வண்டி ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களை இறக்கிவிட்டார்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

'எத்தனை புருஷன்கள் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? இவராவது கூட்டிப் போகிறாரே' என்று தோழிகள் சொல்கிறார்கள். கூட்டிப் போதல் என்ற வினையில் அவள் செயப்படுபொருள். சாமானையும் அப்படித்தான் எடுத்துப் போகிறார்கள். 'நான் தடுக்கவே இல்லையே, அவளுக்குத்தான் பயம்' என்று கணவர்கள் சொல்கிறார்கள். பயம் ஓட்டினால்தான் போகும். கரையில் நின்று கைதட்டினால் வளரும். என் இணையர் நல்லவர், கேட்டால் சாவியைக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் புகார். அவர் ஒருமுறைகூட என்னிடம் கேட்டு ஓட்டியதில்லை. நான் நல்ல ஆண்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் மனைவியை அழைத்து வருவதே இல்லை.

ஆகவே கேட்பவை இவை. உறுப்பினர் பதிவேட்டில் இருவர் பெயரும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு பயணத்தில் அவர் ஓட்டினால் அடுத்ததில் அவள். மேடு, பாறை, சேறு எல்லாவற்றுக்கும் சேர்த்து. அவள் ஓட்டும் நாளில் சப்பாத்தியும் பிள்ளையும் அவர் பொறுப்பு. பொருள் பட்டியலில் முதல் வரி கழிப்பறைக் கூடாரம். 'லேடீஸ்' குழுவைக் கலைத்துவிடலாம், சப்பாத்திக் கணக்கைப் பொதுக் குழுவில் போடலாம். மகளிர் தினத்தன்று ரோஜாப்பூ கொடுத்து நடத்தும் 'லேடீஸ் ஸ்பெஷல் டிரைவ்' எங்களுக்கு வேண்டாம். மற்ற சனிக்கிழமைகள் எல்லாம் வேண்டும்.

தோழிகளே, அடுத்த முறை 'எல்லோரும் இறங்குங்க' என்று குரல் வரும்போது இறங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், அது ஆபத்து. இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து, அவரை இறங்கச் சொல்லுங்கள். செல்போனை அவர் கையில் கொடுங்கள். படம் எடுக்க அவருக்கும் தெரியும்.