கட்டிய பணத்துக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?



எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் இரண்டு வருஷமாகச் சீட்டுப் போட்டு, அந்தமான் போகப் பணம் சேர்த்திருக்கிறோம். சுவராஜ் தீவில் (2018 வரை ஹேவ்லாக் என்று பெயர்) ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. "கரிசக்காட்டுல கம்மாத் தண்ணிக்கே பஞ்சம். இவளுக கடலுக்கடியில போறாளுகளாம்!" என்று கேலி பேசாத ஆள் இல்லை. பேசட்டும். பையன்கள் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியபோது, நம்மைப் படியிலேயே நிறுத்தி வைத்த ஊர்தானே! நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கூடவே இருந்து, 12 மீட்டர் ஆழத்தைத் தாண்டாமல் கூட்டிப் போகிறார்கள்.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் சிலிண்டர் இல்லாமலே கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. ஆகவே, பெண்களால் முடியுமா என்பது கேள்வியே இல்லை. என் கவலை வேறு.

டைவிங் நடத்துகிறவர்கள் உடல்நலப் படிவம் ஒன்று தருகிறார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது ஆபரேஷன், கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள். 'ஆம்' என்று வந்தால் டாக்டரின் சம்மதம் கேட்பார்கள். நாங்கள் கூடி உட்கார்ந்து நிரப்பினோம். எட்டுப் பேரும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே டிக் அடித்தோம்!

அதில் ஒருவர் எனக்கு மதினி முறை. தூசி பட்டாலே வீசிங் வந்து, பையில் இன்ஹேலரோடு அலைகிறவர். "என்ன மதினி இது?" என்று தனியாகக் கேட்டேன். "சத்தம் போடாத. கட்டுன பணம் திரும்பி வராதாம். என்னால எல்லார் சந்தோஷமும் கெட வேண்டாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது நெஞ்சுக்குள்ளேயே விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மேலேயே மூச்சிழுத்து முங்கும் பாசிப் பெண்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சிலிண்டரோடு போகிறவர்களுக்கு 'மூச்சை அடக்காதே' என்பதே முதல் பாடம். ஆனால் வீசிங்கில் மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று மாட்டிக்கொண்டால், நாம் அடக்காமலே அந்த ஆபத்து வரும். கட்டிய பணத்துக்காக இதை மறைக்கலாமா?

இன்னொரு தப்பும் கண்ணில் பட்டது. எங்கள் திட்டத்தில் கடைசி நாள் காலையில் டைவிங், சாயங்காலம் விமானம்! கோலி சோடாவை உடைத்ததும் பொங்குகிறதே, அதுபோல ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானம் உயரே போனதும் குமிழியாகிவிடலாம். ஒரு தடவை முங்கினால் 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. உடனே டைவிங்கை இரண்டாம் நாளுக்கு மாற்றிவிட்டோம்.

கூட்டமாகக் கிளம்பும் தோழிகளுக்கு என் யோசனை இதுதான். முதலில் டாக்டர், பிறகு டிக்கெட். படிவத்தை அவரவர் தனியாக நிரப்புங்கள். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பதை நாலு பேர் நடுவில் எந்தப் பெண் சொல்வாள்? சளி, காதடைப்பு இருந்தால் அன்றைக்கு முங்கவே வேண்டாம். முக்கியமாக, முங்க முடியாதவரின் நஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்று சீட்டு ஆரம்பிக்கும்போதே பேசி வைத்துவிடுங்கள். பணம் போகுமே என்ற பயம் இல்லாவிட்டால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

மதினியை டாக்டரிடம் கூட்டிப் போனோம். "கூடவே கூடாது" என்றுவிட்டார். அவருடைய டைவிங் பணத்தை எட்டாகப் பங்கு போட்டு ஏற்றுக்கொண்டோம். மதினியும் எங்களோடு வருகிறார். கண்ணாடித் தளப் படகில் உட்கார்ந்தபடி பவளப் பாறையைப் பார்க்கப் போகிறார். "நீங்க முங்குங்கடி, நான் கரையில கடலைமிட்டாயோட காத்திருக்கேன்" என்று இப்போது அவரே கேலி பேசுகிறார்.

'எனக்கு முடியாது' என்று ஒருத்தி கூசாமல் சொல்ல முடிகிற கூட்டத்தோடு மட்டும் கடலுக்குப் போங்கள். நான் சொல்வது சரிதானே, தோழிகளே?

- ஒரு வாசகி, கோவில்பட்டி.