இரைச்சல் போகட்டும், கடமும் போகட்டுமா?

பழைய கச்சேரி கேசட் ஒன்று கையில் கிடைத்தால் போதும். கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சல் நீக்கும் பட்டனை ஒரு அமுக்கு. "சூப்பர் கிளியர் ரீமாஸ்டர்டு" என்று ஒரு தலைப்பு. அடுத்த நாள் கேசட் குப்பைத் தொட்டியில். இதற்குப் பெயர் மீட்பாம்! அழிப்பு என்று சொல்ல ஏன் கூச்சம்?

"சக்தி" குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் ஜாஸ்-ராக்கை இடிமுழக்கமாக வாசித்த ஜான் மெக்லாலின், எலெக்ட்ரிக் கிதாரை வைத்துவிட்டு எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, நம்ம ஊர் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வந்து உட்கார்ந்தார். முதல் இசைத்தட்டே 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அது கம்பெனி சரக்கு. ரசிகர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து டேப்பில் பிடித்தவை தனி. சிக்கலெல்லாம் அங்கேதான்.

கேசட்டின் 'ஸ்ஸ்' சத்தம் பெரும்பாலும் மேல் அலைவரிசைகளில்தான் காதுக்கு உறுத்தும். கடத்தின் மேல் விரல் விழும் அந்த முதல் 'டக்'கின் கூர்மையும் அதே தெருவில்தான் குடியிருக்கிறது. வீட்டுக்காரர் யார், திருடன் யார் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அளவுக்கு மீறித் திருகினால் இரண்டு பேரையும் சேர்த்தே வெளியேற்றிவிடும். மிஞ்சுவது தண்ணீருக்குள் யாரோ பானையைத் தட்டுகிற சத்தம். இன்றைய ஏஐ கருவிகளில் சில இன்னும் ஒரு படி மேல்: டேப்பில் இல்லாததைத் தானே ஊகித்து நிரப்பிவிடும். அப்புறம் கேட்பது விநாயக்ராமையா, கணிப்பொறியையா?

சரி, அந்த 'ம்ம்ம்' என்ற கரண்டு உறுமல்? அதையாவது முதலில் தூக்கிவிடலாமே என்பார்கள். கூடாது! கச்சேரி நடந்த இடத்தின் உறுமல் இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. சென்னையில் பிடித்த டேப்பில் அது 52 என்று காட்டினால், டேப் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். சுருதியும் கூடவே ஏறியிருக்கும். அந்தக் காலத்து கரண்டு கொஞ்சம் ஆடும்தான். கிதாரின் சுருதியோடு ஒத்துப் பார்த்தால் உண்மை பிடிபடும். உறுமலை முதலிலேயே துடைப்பவர் அளவுகோலையே உடைத்துவிட்டு அளக்கப் போகிறார்.

வேகம் அற்ப விஷயம் இல்லை. 1958-ல் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் தெலோனியஸ் மங்க்கோடு ஜான் கோல்ட்ரேன் வாசித்ததை அவர் மனைவி நைமா ஒரு சாதாரண ரெக்கார்டரில் பிடித்தார். 1993-ல் புளூ நோட் அதை வெளியிட்டபோது வேகம் தப்பு. பிறகுதான் திருத்தினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே சறுக்குகிறது. கேசட்டை வீசிவிட்டவருக்கு இரண்டாவது வாய்ப்பு ஏது?

காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகாது. வவுச்சரையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு அழகாக எழுதிய லெட்ஜரை மட்டும் நீட்டினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? கேசட்தான் வவுச்சர்.

"கும்மிடிப்பூண்டி லோக்கலில் நின்றுகொண்டு கேட்கிறவனுக்கு இந்த இரைச்சல் தாங்குமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயம்தான். அவனுக்கு ஒரு சுத்தமான பிரதி தாராளமாகக் கொடுங்கள். வரிசை மட்டும் மாறக் கூடாது. பிளேயரின் ஹெட்டைத் துடைத்து, அதன் கோணத்தைச் சரிசெய்து, சுருக்காத வேவ் கோப்பாக ஏற்றுங்கள். அதைத் தொடாமல் பூட்டி வையுங்கள். வேகத் திருத்தம், கொஞ்சமே கொஞ்சம் இரைச்சல் நீக்கம் எல்லாம் பிரதியில். என்ன செய்தோம் என்று நாலு வரி எழுதி, மூலக் கோப்பையும் பக்கத்திலேயே வையுங்கள். கேசட்டை ஈரம் படாமல் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நல்ல காதும் நல்ல கருவியும் உள்ள ஒருவர் வருவார்.

சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிப் புதுக் கம்பி இழுக்கிறார்கள். இரும்புக்கு அது சரி, உருக்கினாலும் இரும்பு இரும்புதான். ஒரு ராத்திரியின் கச்சேரியை உருக்கினால் திரும்ப வார்க்க அச்சு எங்கே இருக்கிறது?